கிண்டிலில் நேரடியாகப் போடலாமா, பதிப்பகத்துக்குக் காத்திருக்கலாமா?

"முதல் நாவலை முடித்துவிட்டேன். இரண்டு பதிப்பகங்களுக்கு அனுப்பி ஆறு மாதமாகப் பதில் இல்லை. அமேசானில் நேரடியாகப் போட்டால் 70 சதவீத ராயல்டி கிடைக்கும் என்கிறார்கள். போடலாமா?" என்பது கேள்வி.

போடலாம். ஆனால் அமேசான் ஒரு கடை, அது பதிப்பகம் அல்ல. இதை முதலில் மனதில் வாங்கிக்கொண்டு போடுங்கள். பதிப்பகம் செய்கிற வேலை எதுவும் அங்கே நடக்காது. கைப்பிரதியை யாரும் படித்துப் பார்த்து "இந்த அத்தியாயம் இழுக்கிறது" என்று சொல்ல மாட்டார்கள். மெய்ப்புப் பார்க்க ஆள் இல்லை. அட்டை உங்கள் பொறுப்பு, விளம்பரம் உங்கள் பொறுப்பு. நீங்கள் கோப்பை ஏற்றிய பிறகு 72 மணி நேரத்துக்குள் அவர்கள் பார்ப்பதெல்லாம் உரிமைச் சிக்கல் உண்டா, தடைசெய்யப்பட்ட உள்ளடக்கம் உண்டா, கோப்பு ஒழுங்காகத் திறக்கிறதா என்பதைத்தான். நல்ல நாவலும் பிழை மலிந்த நாவலும் ஒரே வாசல் வழியாகத்தான் கடைக்குள் போகின்றன.

தமிழுக்கு இந்த வாசல் 2016 டிசம்பரில் திறந்தது. இந்தி, மராத்தி, குஜராத்தி, மலையாளத்தோடு தமிழ் மின்நூல்களும் அப்போதுதான் அமேசானின் மின்நூல் தளமான கிண்டிலில் முறையாக வந்தன. அதற்குப் பிறகு பதிப்பாளரின் தயவில்லாமல் எழுத வந்தவர்கள் ஏராளம். இது சாதாரண நன்மை அல்ல. 300 பிரதி அச்சடித்து வீட்டுப் பரணில் கட்டிவைக்கும் நிலை இல்லை. எந்தப் பிரதியும் தீர்ந்துபோவதில்லை. பிழை கண்டுபிடித்தால் அன்றே திருத்தி மறுபடி ஏற்றலாம். டொராண்டோவில் இருப்பவரும் திருநெல்வேலியில் இருப்பவரும் ஒரே நாளில் வாங்கலாம்.

இனி அந்த 70 சதவீதத்துக்கு வருகிறேன். எல்லாரும் இந்த எண்ணை மட்டும் சொல்கிறார்கள், அதன் நிபந்தனைகளைச் சொல்வதில்லை.

கேடிபி (கிண்டில் டைரக்ட் பப்ளிஷிங்) என்பது அமேசானில் நாமே நூலை ஏற்றும் தளம். அதில் இரண்டு ராயல்டி விகிதங்கள் உண்டு: 35, 70. இந்திய வாசகர் வாங்கும் பிரதிக்கு 70 வேண்டுமானால் புத்தகம் 'கேடிபி செலக்ட்' திட்டத்தில் சேர்ந்திருக்க வேண்டும். சேராவிட்டால் இந்திய விற்பனைக்கு 35தான். அமெரிக்க விற்பனைக்கு அந்த நிபந்தனை இல்லை. ஆனால் அங்கே விலை 2.99 டாலருக்கும் 9.99 டாலருக்கும் இடையில் இருக்க வேண்டும். 70 சதவீதப் பட்டியலில் இல்லாத நாட்டிலிருந்து ஒருவர் வாங்கினால், நீங்கள் எதைத் தேர்ந்திருந்தாலும் 35தான் வரும்.

70 சதவீதத்தில் இன்னொரு கழிவும் உண்டு. கோப்பின் எடைக்கு அனுப்புகைக் கட்டணம் பிடிப்பார்கள்: இந்தியாவில் ஒரு எம்பிக்கு 7 ரூபாய், அமெரிக்காவில் 15 சென்ட். 35 சதவீதத்தில் இது கிடையாது. கணக்குப் போட்டுப் பாருங்கள். வரியை ஒதுக்கிவிட்டு 150 ரூபாய் விலை வைத்துக்கொள்வோம். வெறும் எழுத்து நாவல், கோப்பு 2 எம்பி. 150இல் 14 போக 136, அதில் 70 சதவீதம் 95 ரூபாய் 20 காசு. 35 சதவீதமாக இருந்தால் 52 ரூபாய் 50 காசு. இதில் 70 லாபம், சந்தேகமில்லை. இப்போது அதே விலையில் ஒரு பயண நூல், உள்ளே நாற்பது வண்ணப்படம், கோப்பு 12 எம்பி. அனுப்புகைக் கட்டணம் மட்டும் 84 ரூபாய். மீதி 66இல் 70 சதவீதம் 46 ரூபாய் 20 காசு. 35 சதவீதத்தைவிடக் குறைவு! இந்த விலைக்கு ஏறத்தாழ 10.7 எம்பியைத் தாண்டினால் 70ஐத் தேர்வது நஷ்டம். படங்களைச் சுருக்கிவிட்டு ஏற்றுவதற்கு இதைவிடக் காரணம் வேண்டியதில்லை.

வெளிநாட்டு விலையைத் தானாக மாற்றிக்கொள்ளும்படி விடாதீர்கள். இந்தியாவில் 99 ரூபாய் வைத்துவிட்டு அப்படியே விட்டால் அமெரிக்காவில் ஒன்றரை டாலருக்கும் குறைவான விலை வந்து நிற்கும், 35 சதவீதத்தில் விழும். 1.99 டாலருக்கு 35 சதவீதம் 70 சென்ட். 2.99 டாலருக்கு 70 சதவீதம், அனுப்புகை போக, ஏறக்குறைய இரண்டு டாலர். ஒரு டாலர் விலை கூட்டினால் வருமானம் மூன்று மடங்குக்குப் பக்கம் போகிறது. அங்கே தமிழ் வாசிப்பவருக்கு அந்த ஒரு டாலர் பெரிதல்ல.

செலக்ட் திட்டம்தான் இந்த ஏற்பாட்டின் இதயம். 70க்கு ஈடாக நீங்கள் கொடுப்பது தனியுரிமை. ஒரு சுற்று 90 நாள். அந்த 90 நாளில் மின்வடிவம் வேறு எங்கும், இலவசமாகக்கூட, இருக்கக் கூடாது. கூகுள் பிளே புக்ஸ் கூடாது, கோபோ கூடாது, உங்கள் சொந்த வலைப்பூவும் கூடாது. மாதிரிக்காகப் பத்து சதவீதம் வரை வெளியே வைக்கலாம், அவ்வளவுதான். அச்சு நூலுக்கு இந்தக் கட்டு இல்லை. அதை எங்கு வேண்டுமானாலும் விற்கலாம்.

தமிழ் எழுத்தாளர்கள் அதிகம் மாட்டிக்கொள்வது இங்கேதான். நாவலைப் பிரதிலிபியிலோ ஃபேஸ்புக்கிலோ ஏதாவது நாவல் தளத்திலோ தொடராக எழுதியிருப்பார்கள். முடிந்ததும் கிண்டிலில் செலக்டில் சேர்ப்பார்கள். பழைய அத்தியாயங்கள் அங்கேயே கிடக்கும். அமேசான் தேடிக் கண்டுபிடித்து மின்னஞ்சல் அனுப்பும். அதில் சொன்ன கெடுவுக்குள் எடுக்காவிட்டால் புத்தகம் திட்டத்திலிருந்து போகும், திரும்பத் திரும்ப நடந்தால் கணக்கே போகும். கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இலவச மின்நூலாக ஒருமுறை வெளியிட்டிருந்தால் நிலைமை இன்னும் மோசம். அந்த உரிமத்தைத் திரும்பப் பெற முடியாது. யாரோ ஒருவர் தன் தளத்தில் வைத்திருக்கும் பிரதியை எடுக்கச் சொல்ல உங்களுக்கு உரிமையில்லை. அப்படிப்பட்ட நூலைச் செலக்டில் சேர்க்கவே வேண்டாம்.

தனியுரிமை கொடுத்ததற்குக் கிடைக்கும் இன்னொன்று கிண்டில் அன்லிமிடெட். மாதச் சந்தா கட்டிய வாசகர் உங்கள் நூலை இரவல் எடுத்துப் படிக்கும் பக்கங்களுக்குப் பணம். 2015 ஜூலையிலிருந்து பக்கக் கணக்குதான். அமேசான் தன் அளவுகோலில் நூலுக்கு ஒரு பக்க எண்ணிக்கை கொடுக்கும், அச்சுப் பக்கத்தோடு அது ஒத்துப்போகாது. ஒரு வாசகர் முதல் தடவை படிக்கும் பக்கம் மட்டுமே எண்ணப்படும். ஒரு பக்கத்துக்கு எவ்வளவு என்பது மாதம் முடிந்த பிறகுதான் தெரியும். நாட்டுக்கு நாடு தொகை வேறு. அமெரிக்காவில் ஒரு பக்கத்துக்கு வழக்கமாக அரை சென்ட்டுக்கும் குறைவு. இந்தியச் சந்தா மலிவு என்பதால் இங்கே இன்னும் சின்னத் தொகை.

இந்தக் கணக்கு யாருக்குச் சாதகம் என்று யோசித்தால் பதில் தானே வரும். 400 பக்கக் குடும்ப நாவல், அதுவும் வரிசையாக ஐந்தாறு நாவல் எழுதுபவருக்கு இது நல்ல வழி. ஒன்றைப் படித்த வாசகி அடுத்ததையும் எடுப்பார், முடிக்காமல் வைக்க மாட்டார். 60 பக்கக் கவிதைத் தொகுப்புக்கு இதில் எதுவும் தேறாது. சிறுகதைத் தொகுப்பில் மூன்று கதை படித்துவிட்டு நிறுத்துவோர் அதிகம். அகராதி, சமையல், பாடநூல் மாதிரி புரட்டிப் பார்க்கும் நூல்களுக்கும் இது உதவாது, அவற்றை விற்கத்தான் வேண்டும்.

ஃபேஸ்புக் குழுக்களில் "நான் உன் நூலைப் புரட்டுகிறேன், நீ என் நூலைப் புரட்டு" என்று நடக்கும் ஏற்பாட்டில் கால் வைக்காதீர்கள். விமர்சனத்துக்கு விமர்சனம் என்பதும் அதே வகைதான். செயற்கைப் பக்க வாசிப்பு என்று கண்டால் கணக்கை மூடுவார்கள், நிலுவைத் தொகையும் வராது. ஒருவருக்கு ஒரு கணக்குதான். இரண்டாவது திறக்க வேண்டாம்.

இப்போது கோப்பு. தமிழில் பாதிப் புத்தகங்கள் கெடுவது இங்கே, ஆனால் இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

பழைய நூலை மின்நூலாக்க, அச்சுக்குப் பக்கம் அமைத்த டிடிபிக்காரரிடமிருந்து பேஜ்மேக்கர் மென்பொருள் கோப்பை வாங்கியிருப்பீர்கள். அது பாமினியிலோ வானவில்லிலோ வேறொரு பழைய எழுத்துருவிலோ இருக்கும். எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான எழுத்துக்குறி முறையான யூனிகோடுக்கு மாற்றித்தான் ஆக வேண்டும். பிடிஎஃப் கொடுத்து ஒப்பேற்ற நினைக்க வேண்டாம். கைப்பேசித் திரைக்குத் தக்கபடி வரி மடங்காது, தமிழ் எழுத்து குதறிப்போகும். வேர்டு கோப்பான டாக்எக்ஸ் அல்லது மின்நூல் வடிவமான ஈபப் கொடுங்கள்.

பழைய எழுத்துருக்களில் 'கொடி' என்று அடிக்க முதலில் கொம்பு, பிறகு க, பிறகு கால். கண்ணுக்குத் தெரியும் வரிசை அது. யூனிகோடில் க முதலில், உயிர்க்குறி பிறகு. எழுத்துரு மாற்றும் மென்பொருள் சரியாக வேலை செய்யாத இடத்தில் கொம்பு தனியாக ஒரு புள்ளி வட்டத்தோடு தொங்கும். அது கண்ணில் படும், திருத்திவிடலாம். கண்ணில் படாத பிழைகள்தான் ஆபத்து. 'எ' இருக்க வேண்டிய இடத்தில் தமிழ் எண் ஏழான '௭' உட்கார்ந்திருக்கும், பார்வைக்கு ஒன்றுதான், தேடினால் அந்தச் சொல் கிடைக்காது. '௭'ஐத் தேடி 'எ'வால் மாற்றுவது ஒரு நிமிட வேலை. அடுத்தது 'கௌரவம்'. பலர் இதைக் 'கெளரவம்' என்று அடித்திருப்பார்கள், அதாவது கெ, அப்புறம் ளகரம். இதை மட்டும் மொத்தமாகத் தேடி மாற்றிவிடாதீர்கள். 'தெளிவு', 'கெளுத்தி', 'வெள்ளம்' எல்லாவற்றிலும் அதே ளகரம் நியாயமாக இருக்கிறது, அத்தனையும் சிதைந்துபோகும். கெள, செள, பெள, மெள என்று ஒவ்வொன்றாகத் தேடி, சொல்லைப் பார்த்துத்தான் மாற்ற வேண்டும். துணைக்காலுக்குப் பதில் ரகரம் வந்த இடங்களும் அப்படியே. 200 பக்க நூலுக்கு இரண்டு மூன்று நாள் பிடிக்கும். செய்யாமல் விட்டால் முதல் ஒற்றை நட்சத்திர விமர்சனம் அதற்காகவே வரும்.

அத்தியாயத் தலைப்புகளுக்குத் தலைப்புப் பாணியைக் கொடுங்கள், பொருளடக்கம் தானாக உருவாகும். பத்தியின் தொடக்கத்தில் இடைவெளி விசையைத் தட்டித் தள்ளாதீர்கள். புதுப் பக்கத்துக்கு என்டர் விசையை இருபது தடவை அழுத்தாதீர்கள், கைப்பேசியில் வாசகர் வெறும் திரையைப் புரட்டிக்கொண்டிருப்பார். கவிதைக்கு ஒன்று சேர்த்துச் சொல்கிறேன்: நீண்ட வரி சின்னத் திரையில் மடங்கியே தீரும். மடங்கிய பகுதி உள்தள்ளி வரும்படி அமைத்தால்தான் வரி எங்கே முடிந்தது என்று தெரியும். அமைக்காவிட்டால் நீங்கள் யோசித்து யோசித்து முறித்த வரிகளுக்கு அர்த்தமே இல்லாமல் போகும். அட்டைப்படம் 2560 பிக்சல் உயரம், 1600 அகலம். அதைக் கட்டைவிரல் நகம் அளவுக்குச் சுருக்கிப் பார்த்துத் தலைப்பு படிக்க முடிகிறதா என்று பாருங்கள், கடையில் அந்த அளவில்தான் தெரியும்.

தலைப்பைத் தமிழ் எழுத்திலேயே வையுங்கள். ஆனால் தேடுபவர் ஆங்கில எழுத்தில் தட்டச்சு செய்து தேடலாம். தேடுசொல்லுக்கு ஏழு கட்டங்கள் தருவார்கள். அதில் தலைப்பையும் உங்கள் பெயரையும் ரோமன் எழுத்தில், இரண்டு மூன்று விதமான எழுத்துக்கூட்டலில் போடுங்கள். ழகரம் உள்ள பெயரென்றால் இது கட்டாயம். ஒருவர் ஒரு விதமாக எழுதுவார், அடுத்தவர் வேறு விதமாக.

மின்நூலுக்கு ஐஎஸ்பிஎன் என்னும் நூல் அடையாள எண் தேவையில்லை. அமேசானே ஓர் எண் கொடுக்கும். அச்சுக்கு வேண்டுமானால் ராஜா ராம்மோகன் ராய் தேசிய ஐஎஸ்பிஎன் முகமையில் விண்ணப்பியுங்கள். இந்தியாவில் அது இலவசம். பணம் வாங்கிக்கொண்டு 'ஐஎஸ்பிஎன் எடுத்துத் தருகிறேன்' என்பவரிடம் போகாதீர்கள்.

அச்சு என்றதும் ஒரு தவறான நம்பிக்கையைத் தெளிவுபடுத்த வேண்டும். கேடிபியில் அச்சு நூலும் உண்டு, யாராவது கேட்டால் ஒரு பிரதி அடித்து அனுப்புவார்கள். ஆனால் அந்த அச்சு வசதி நடக்கும் சந்தைகளில் இந்தியா இல்லை. சென்னையில் இருக்கும் வாசகருக்கு உங்கள் காகித நூல் அந்த வழியில் நியாயமான விலையில் கிடைக்காது. உள்ளூரில் டிஜிட்டல் அச்சகத்தில் 50, 100 பிரதி அடிப்பதுதான் வழி. அச்சு நூலுக்கு ஜிஎஸ்டி கிடையாது, அதனால் புத்தகம் மட்டும் விற்பவர் ஜிஎஸ்டி எண் இல்லாமலே ஆன்லைன் கடைகளில் விற்பனையாளராகப் பதியலாம். ஆனால் 150 ரூபாய் நூலுக்குக் கடையின் கமிஷன், கூரியர், திரும்பி வரும் பிரதி எல்லாம் போனால் அச்சுக்கூலி மிஞ்சுவதே கஷ்டம். 300 ரூபாய்க்கு மேல் விலையுள்ள தடிமனான நூலுக்கே அது கட்டுபடியாகும்.

கிண்டிலில் மட்டும் இருக்கும் எழுத்தாளர் இழப்பவை இவை: பதிப்பாளர்கள், புத்தக விற்பனையாளர்கள் சங்கமான பபாசி ஜனவரியில் நடத்தும் சென்னைப் புத்தகக் காட்சி, மாவட்டப் புத்தகத் திருவிழாக்கள், பொது நூலகத் துறையின் கொள்முதல். நூலக ஆணை கிடைத்தால் ஒரே தடவையில் சில நூறு பிரதிகள் ஊர் ஊராகப் போய்ச் சேரும். கிண்டில் வைத்திராத, சந்தா கட்டாத, நூலகத்துக்கு நடந்து போகிற வாசகர்களிடம் அந்தப் பிரதிகள் போகின்றன. தமிழில் தீவிரமாக வாசிப்பவர்களில் கணிசமானவர்கள் அவர்கள்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். பதிப்பகம் தரும் 10 சதவீதத்தை 70உடன் வைத்து ஒப்பிடுவது அதனால்தான் தவறு. மீதி 90க்குள் அச்சு, மெய்ப்பு, கடை, காட்சி அரங்கு எல்லாம் அடக்கம்.

இரண்டையும் சேர்த்து வைத்துக்கொள்ள வழி உண்டு. பதிப்பகத்தோடு ஒப்பந்தம் போடும்போது அச்சு உரிமையை மட்டும், மூன்று அல்லது ஐந்து ஆண்டுக்குக் கொடுங்கள். 'அனைத்து வடிவங்களிலும்', 'மின்னணு உரிமை உட்பட' என்ற சொற்கள் இருந்தால் அடித்துவிடச் சொல்லுங்கள். பதிப்பகமே மின்நூலையும் போட்டுத் தருவதாகச் சொன்னால், நூல் அவர்கள் கணக்கில் ஏறும், பணமும் அவர்களுக்கே வரும். அமேசான் உங்களுக்குப் பங்கு பிரித்து அனுப்பாது. மாத அறிக்கையை அப்படியே உங்களுக்கு அனுப்ப வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள்.

பணம் வரும் வேகம் பற்றி: ஜனவரி விற்பனைக்கான தொகை மார்ச் கடைசியில் வரும், அதாவது மாதம் முடிந்து ஏறத்தாழ 60 நாள். ஒவ்வொரு நாட்டுக் கடையிலிருந்தும் தனித்தனியாக வரும். கணக்குத் தொடங்கும்போது அமெரிக்க வரிக்கான கேள்விகள் வரும், அங்கே பான் எண்ணைக் கொடுக்க மறக்காதீர்கள். கொடுத்தால் இந்திய-அமெரிக்க வரி ஒப்பந்தப்படி அமெரிக்க விற்பனையில் 15 சதவீதம் பிடிப்பார்கள். கொடுக்காவிட்டால் 30. இலங்கையில் இருந்து எழுதுபவர்கள் நூலை ஏற்றும் முன் தங்கள் வங்கிக்கு நேரடியாகப் பணம் வருமா என்று அமேசானின் நாட்டுப் பட்டியலைப் பார்த்துக்கொள்வது நல்லது.

நாட்டுடைமை நூல்களை ஏற்றிச் சம்பாதிக்கலாம் என்று நினைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. இப்படிக் காப்புரிமை இல்லாத பொதுவெளி நூலுக்கு 35 சதவீதம் மட்டுமே. ஏற்கெனவே இலவசப் பிரதி கடையில் இருந்தால், உங்கள் பதிப்பில் புது மொழிபெயர்ப்போ, விரிவான குறிப்புகளோ, குறைந்தது பத்து புதுச் சித்திரங்களோ இருக்க வேண்டும். யாரோ தட்டச்சு செய்த பிழையான கோப்பை நகலெடுத்து மலிவு விலைக்கு ஏற்றினால் கணக்கு மாட்டிக்கொள்ளும். அந்த எழுத்தாளர்களுக்கும் அது மரியாதை இல்லை.

கடைசியாக, இந்த உறவில் பலம் முழுக்க ஒரு பக்கம்தான் இருக்கிறது. வாங்கியவர் யார் என்று உங்களுக்குச் சொல்ல மாட்டார்கள். ஆயிரம் பேர் படித்திருந்தாலும் அடுத்த நாவல் வந்திருக்கிறது என்று ஒருவருக்கும் நீங்கள் எழுத முடியாது. விதிகளை அவர்கள் மாற்றலாம், விகிதத்தை மாற்றலாம். 2016இல் முழுவதுமாக வாங்கிய வெஸ்ட்லேண்ட் பதிப்பகத்தை 2022 பிப்ரவரியில் மூடுவதாக அமேசான் அறிவித்தது. நன்றாக விற்றுக்கொண்டிருந்த நூல்களின் ஆசிரியர்களும் சில வாரத்தில் புதுப் பதிப்பாளர் தேட வேண்டியிருந்தது. அங்கே ஒப்பந்தம் இருந்தது, அலுவலகம் இருந்தது. கேடிபியில் நமக்கு இருப்பது ஒரு மின்னஞ்சல் படிவம். அதனால் திருத்தி முடித்த யூனிகோட் கோப்பு, அட்டையின் மூலக்கோப்பு, ஓவியருக்குப் பணம் கொடுத்த ரசீது மூன்றையும் உங்கள் கணினியிலும் வெளியே ஓரிடத்திலும் வைத்திருங்கள். நூலின் கடைசிப் பக்கத்தில் உங்கள் மின்னஞ்சல் முகவரியைப் போடுங்கள். எழுதுகிற வாசகரின் முகவரியைப் பத்திரப்படுத்துங்கள்.

உங்கள் நாவலுக்கு நான் சொல்வது இது. பதிப்பகங்களுக்கு இன்னொரு கடிதம் எழுதி, அச்சு உரிமை மட்டும் தர விருப்பம் என்று சொல்லுங்கள். அந்தப் பதில் வரும்வரை மெய்ப்பு முடித்துக் கிண்டிலில் ஏற்றி, ஒரே ஒரு 90 நாள் சுற்றுக்குச் செலக்டில் சேருங்கள். சேரும்போதே தானாகப் புதுப்பிக்கும் கட்டத்தில் உள்ள குறியை எடுத்துவிடுங்கள், எடுக்காவிட்டால் அடுத்த 90 நாளும் கேட்காமலே ஓடும். இடையில் ஐந்து நாள் இலவசமாகக் கொடுக்க அனுமதி உண்டு. அதை ஒரே மூச்சில் செலவழிக்காமல் வெளியான வாரத்தில் இரண்டு நாள், இரண்டாம் மாதத்தில் மூன்று நாள் என்று பிரியுங்கள். எண்பதாவது நாள் அறிக்கையைத் திறந்து, வந்த பணத்தில் பக்க வாசிப்பு எவ்வளவு, விற்பனை எவ்வளவு, எந்த நாட்டிலிருந்து என்று பாருங்கள். பக்க வாசிப்பு பாதிக்கு மேல் இருந்தால் இன்னொரு சுற்று நீடியுங்கள். பெரும்பாலும் வெளிநாட்டு விற்பனை என்றால் வெளியே வந்து கூகுள் பிளேயிலும் கோபோவிலும் சேர்த்துப் போடுங்கள்.